ஊசி போட்டவர்கள் வலை இழுத்த கதை

மற்ற டாக்டர்களை நோயாளி தேடி வருவான். எங்கள் தொழிலில் நல்லா இருக்கிறவனை நாங்கள் தேடிப் போக வேண்டும், அவன் எங்களைக் கண்டதும் பின்வாசல் வழியாக ஓடுவான்.

யாரும் கேட்காத ஒன்றைக் கொடுப்பதற்காக வீடு வீடாகக் கதவைத் தட்டிய அனுபவம் உங்களுக்கு உண்டா? இன்ஷூரன்ஸ் ஏஜெண்டாகவோ, ஜனத்தொகைக் கணக்கெடுக்கப் போன வாத்தியாராகவோ, நன்கொடை ரசீதுப் புத்தகத்தோடு அலைந்தவராகவோ இருந்தால் நீங்கள் என் இனம். கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள், எனக்கும் இடம் கொடுங்கள்.

ஐம்பதுகளின் நடுவில் நான் சென்னையில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தேன். அதில் சுகாதாரம் என்று ஒரு பாடம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் அந்த வகுப்பை வைப்பார்கள். கக்கூஸின் குறுக்குவெட்டுப் படம், ஈயின் வாழ்க்கை வரலாறு, கிணற்றுக்கும் சாக்கடைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி வேண்டும் என்கிற விவகாரம். வகுப்பே தூங்கி வழியும். எனக்கு மட்டும் அந்தப் பாடம் தித்தித்தது. ஒரு ஊசியை வைத்துக்கொண்டு ஒரு ஊரையே காப்பாற்றலாம் என்று படிக்கப் படிக்க எனக்கு உடம்பெல்லாம் பரபரக்கும். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று வாயைத் திறக்கவில்லை. செங்கல்பட்டுப் பக்கம் தங்கி கிராமப் பயிற்சி என்று அறிவித்த அன்று மற்றவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். நான் பெட்டி கட்ட ஓடினேன்.

ஆறு கிண்ணங்கள்

செங்கல்பட்டு ஜங்ஷனில் இறங்கியபோது என் வெள்ளைப் புடவையில் பாதிக்கு மேல் ரயில் கரி. எங்கள் கோஷ்டியில் யூசுப் உள்ளூர்க்காரன். கடைத்தெருவில் அவன் அத்தாவுக்கு ஜவுளிக்கடை. முதல் வேலையாக அவன் தெருப் பொதுக்கிணற்றுத் தண்ணீரைச் சோதிப்பது என்று ஏற்பாடு. அதற்கென்று ஒரு பெட்டி உண்டு. உள்ளே வரிசையாக ஆறு வெள்ளைக் கிண்ணங்களும் ஒரு கறுப்புக் கிண்ணமும் இருக்கும். கறுப்பில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, வெள்ளைக் கிண்ணங்களில் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி, ஒன்றில் ஒரு சொட்டு, அடுத்ததில் இரண்டு சொட்டு என்று விட்டுக்கொண்டே போக வேண்டும். அரை மணி காத்திருந்து வேறொரு மருந்தைச் சொட்டினால் ஏதாவது ஒரு கிண்ணத்தில் நீலம் தெரியும். அதை வைத்துக் கிணற்றுக்கு எவ்வளவு பவுடர் வேண்டும் என்று கணக்குப் போடலாம்.

அந்த அரை மணியில் தெரு முழுக்கக் கிணற்றடிக்கு வந்துவிட்டது. நாங்கள் கிண்ணங்களைச் சுற்றி நின்று மூச்சுக் காட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்றாவது கிண்ணத்தில் நீலம் மெல்லக் கிளம்பியதும் நான் கைதட்டியே விட்டேன். படத்தில் பார்த்தது கண்ணெதிரே நடந்தால் யாருக்குத்தான் பூரிப்பு வராது? குடத்தை இடுப்பில் வைத்தபடி ஆரம்பத்திலிருந்து நின்றிருந்த ஒரு பெண்மணிக்கு மட்டும் பொறுமை போய்விட்டது.

"ஆறு கப்ப வெச்சிகினு இம்மா நேரம் நிக்கறீங்க, ஒர்த்தருக்காவது ஒரு வாய் டீ குடுத்தீங்களா?"

எந்தக் கை?

வந்த சில நாட்களிலேயே நிஜமான வேலை வந்துவிட்டது. மகாபலிபுரத்துக்கு மேற்கே, கால்வாய்க்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் வாந்திபேதி. ஒரே வீட்டில் இரண்டு பேர் போய்விட்டார்கள் என்று சேதி. கடற்கரையிலோ மாசி மகம் நெருங்கிக்கொண்டிருந்தது. மகத்துக்குச் சுற்று வட்டாரமே வண்டி கட்டிக்கொண்டு வரும். புடவைகளைக் கூடாரமாகக் கட்டி மணலிலேயே தங்கும். அத்தனை பேருக்கும் குடிக்க அங்கிருந்த மீனவர் குப்பத்தின் நல்லதண்ணிக் கிணறுதான். குப்பத்தில் ஒருவருக்கு வியாதி வந்தாலும் கிணற்றில் இறங்கும். கிணற்றிலிருந்து கூட்டத்துக்கு, கூட்டத்திலிருந்து அவரவர் ஊருக்கு. ஆகவே மகத்துக்கு முன்னால் குப்பம் முழுவதற்கும் காலரா ஊசி போட்டாக வேண்டும். அதுவும் ஒரு வாரம் விட்டு இரண்டு தடவை. ஒன்றோடு நிறுத்தினால் அரைக்கிணறு தாண்டிய மாதிரி.

திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ்ஸில் போனோம். நான் ஜன்னலோரம் பிடித்து, ஊசிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு ஊரைக் காப்பாற்றப் போகிறவள் எப்படி உட்கார வேண்டுமோ அப்படி உட்கார்ந்திருந்தேன். கூட வந்தவர் சானிட்டரி இன்ஸ்பெக்டர் தணிகாசலம். காக்கி அரைக்கால் சட்டை, பெரிய தொப்பி; இந்தப் பக்கத்து ஊர் நாய்களையெல்லாம் பேர் சொல்லிக் கூப்பிடுவார். ஜனங்களிடம் காலராக் கிருமியைப் பற்றி எப்படி விளக்க வேண்டும் என்று நான் அவரிடம் ஒத்திகை பார்த்தேன். கிருமியின் வடிவம் வரை வந்துவிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு வெற்றிலைச் சாற்றை ஜன்னலுக்கு வெளியே துப்பினார்.

"போடலாமான்னு கேட்டீங்கன்னா வாணாம்பான். எந்தக் கைன்னு கேளுங்கம்மா, யோசிச்சிகினே ஒண்ண நீட்டிடுவான்."

ஒரே சாயங்காலத்தில்

குப்பத்து ஆண்கள் கட்டுமரங்களின் மேல் உட்கார்ந்து, கிழியாத வலையைத் தைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கம் ஒருவர் கண்ணும் திரும்பவில்லை. வலைக்கொட்டகையில் ஸ்டவ் வைத்து யூசுப் பம்பு அடித்தான். கொதிக்கிற தண்ணீரில் ஊசிகள் கடகடவென்று ஆடின. அந்தச் சத்தம் கேட்டு ஆண்கள் இன்னும் மும்முரமாகத் தைத்தார்கள். அப்போது வந்தாள் பாக்கியம். திருக்கழுக்குன்றம் சந்தைக்குத் தினமும் மீன் கூடை சுமக்கிறவள். நல்ல உயரம், அதைவிட உயரமான குரல். எந்தக் கை என்று நான் கேட்டேன். ஏதோ வளையல் போட்டுக்கொள்கிற மாதிரி இடது கையை நீட்டினாள். ஊசியை எடுத்ததும் திரும்பி ஆண்களைப் பார்த்து, சுறாவை இழுத்துப் போடுகிறவனெல்லாம் இதற்கு நடுங்குகிறானே என்று ஆரம்பித்தாள். மிச்சத்தை எழுத முடியாது.

அவ்வளவுதான். எனக்கு முந்தி உனக்கு முந்தி என்று வரிசை நின்றது. நாட்டார் என்று அழைக்கப்பட்ட குப்பத்துத் தலைவர், துடுப்புப் போடும் இளைஞர்கள், பெண்கள் என்று பொழுது சாய்வதற்குள் ஊரே முடிந்துவிட்டது. எங்கள் கோஷ்டிக்குத் தலைகால் புரியவில்லை. வடக்கே இன்னொரு குப்பத்துக்குப் போன கோஷ்டி நாலு நாளாகப் பத்துப் பேரைத் தாண்டவில்லை. நாங்கள் ஒரே சாயங்காலத்தில் ஒரு குப்பத்தையே முடித்துவிட்டோம். யூசுப் மணலில் குட்டிக்கரணம் போட்டான். தணிகாசலம் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டே, தன் சர்வீஸில் இப்படிப் பார்த்ததில்லை என்றார். புறப்படும்போது பாக்கியம் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுக்கா இம்மாம் பயந்தானுங்க? கொசு கடிச்சா மாரி கூட இல்லியே, டாக்டரம்மா."

கரையிலேயே கிடந்த கட்டுமரங்கள்

நான் தங்கியிருந்தது குப்பத்துக்குப் பக்கத்தில், பிரசவ நிலையத்து நர்ஸம்மா வீட்டில். மறுநாள் காலை, வெற்றி பெற்ற களத்தைப் பார்க்கும் ஆசையில் நேரத்தோடு குப்பத்துக்குப் போனேன். அந்த நேரத்துக்குக் கட்டுமரங்கள் கடலில் புள்ளியாகத் தெரிய வேண்டும். எல்லாம் கரையில் வரிசையாகக் கிடந்தன. இன்று பண்டிகையோ என்று நினைத்தேன். குடிசைகளுக்குள்ளிருந்து முனகல் கேட்டது. ஒவ்வொரு புஜமும் பணியாரம் மாதிரி உப்பியிருந்தது, பலருக்குக் காய்ச்சல். ஊசி போட்ட இடத்தில் வலியும் லேசான ஜுரமும் இருக்கலாம், ஓரிரு நாளில் சரியாகிவிடும் என்று புத்தகத்தில் ஒரு வரி உண்டு. அது ஒரு ஆளுக்கு எழுதிய வரி. ஒரு ஊருக்கே ஒரே நாளில் வலி வந்தால் துடுப்பை யார் போடுவது என்று எந்தப் பக்கத்திலும் எழுதவில்லை.

கடல் அமைதியாக இருந்து மீன் நன்றாகப் படுகிற மாதம் அது. கடலுக்குப் போவதை அவர்கள் மீன்பிடிப்பு என்று சொல்ல மாட்டார்கள், தொழில் என்றுதான் சொல்வார்கள். தொழில் நின்றால் அன்று உலை இல்லை. பாக்கியம் காலிக் கூடையோடு என் முன்னால் வந்து நின்றாள். என்னை, என் படிப்பை, என்னைப் படிக்க வைத்தவர்களை எல்லாம் வரிசையாக விசாரித்தாள். அதற்குள் யூசுப்பும் தணிகாசலமும் வந்து சேர்ந்தார்கள். முதல் பஸ்ஸில் ஊரைப் பார்க்கப் போய்விடலாம் என்றான் யூசுப். இப்போது ஓடினால் இரண்டாவது ஊசி ஜன்மத்துக்கும் நடக்காது என்றார் தணிகாசலம். எனக்கும் அது புரிந்தது. அங்கேயே நின்றேன்.

நாட்டார் வலைக்கொட்டகைக்குக் கூப்பிட்டு அனுப்பினார். போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அவருக்கும் ஜுரம். அவர் கத்தவில்லை, அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. நீங்கள் இந்த ஊசியைப் போட்டுக்கொண்டீர்களா என்று கேட்டார். போன மாதமே சென்னையில் இரண்டும் போட்டாயிற்று என்று பெருமையாகச் சொன்னோம். இப்போது கை வலிக்கிறதா என்றார். இல்லவே இல்லை என்று கையை வீசிக் காட்டினோம். அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

"ஊர்ல ரெண்டு கையும் நல்லா கீற ஆளுங்க நீங்கதான். வெயில் ஏர்றதுக்குள்ள பெரியவலைய நீங்க இழுங்க."

பாடத்திட்டத்தில் இல்லாத பயிற்சி

பெரியவலை என்பது கரையில் நின்றபடியே ஊர் கூடி இழுக்கிற வலை. முதல் நாள் ஊரில் இல்லாமல் மாமியார் வீட்டுக்குப் போய் அப்போதுதான் திரும்பிய இரண்டு பேர் அதைப் படகில் கொண்டுபோய் அரைவட்டமாகக் கடலில் இறக்கிவிட்டு வந்தார்கள். கயிற்றின் இரண்டு நுனிகளும் கரையில். ஒன்றில் யூசுப்பும் எங்கள் கோஷ்டிப் பையன்களும், இன்னொன்றில் நானும் தணிகாசலமும் மிச்சப் பேரும். ஜுரம் இல்லாத பெண்கள் வலது கையால் ஒத்தாசை செய்தார்கள். மேற்பார்வை பாக்கியம். உடற்கூற்று வகுப்பில் தோள்பட்டைத் தசைகளின் பெயர்களை மனப்பாடம் செய்திருக்கிறேன். அவை எங்கெங்கே இருக்கின்றன என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். கால் கணுக்கால் வரை புதைகிறது, அலை வந்து புடவையை நனைக்கிறது, கயிறு உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு போகிறது. இருந்தும் சொல்கிறேன், மீன் சேர்ந்து கிடக்கும் வலையின் மடி கரைக்கு வந்து நெத்திலி வெள்ளி வெள்ளியாகத் துள்ளியபோது நான் சந்தோஷத்தில் கூவிவிட்டேன். பாக்கியம் முதன்முறையாகச் சிரித்தாள். அவள் கூடைக்கும் கொஞ்சம் வந்தது, ஊர் உலைக்கும் கொஞ்சம் வந்தது.

மீனைப் பங்கு போடுவதற்கு முன்னால், மடி இன்னும் முழுதாக ஏறாத நேரம் பார்த்துத்தான் சவுக்குத் தோப்புப் பக்கமிருந்து ஒரு ஜீப் வந்து நின்றது. எங்கள் புரொபசர், கிராமப் பயிற்சியைப் பார்வையிட வந்திருக்கிறார். மடிப்புக் கலையாத வெள்ளைக் கால்சட்டை, கையில் குடை. இடுப்பில் கயிற்றோடு நிற்கிற இன்ஸ்பெக்டரையும், முட்டி வரை மணலாக இருந்த என்னையும், மூக்கு நுனியில் செதிலோடு நின்ற யூசுப்பையும் நிதானமாகப் பார்த்தார். நடந்ததைத் தணிகாசலம் சுருக்கமாகச் சொன்னார். பயிற்சியிலிருந்தே நீக்கிவிடப் போகிறார் என்று நினைத்து நான் கயிற்றை விடப் பார்த்தேன். அவர் குடையை மடக்கினார்.

"ஊசி போடச் சொன்னேன், மீன் பிடிக்கிறீர்கள். சரி, கயிற்றை விட்டுவிடாதீர்கள், வலை போய்விடப் போகிறது."

நாட்டார் சொன்ன நாள்

மூன்றாம் நாள் வலி போய், கட்டுமரங்கள் கடலுக்குப் போயின. ஆனால் வியாதி போகவில்லை. குப்பத்துப் பக்கம் குடியிருந்து கால்வாயில் விறகுப் படகு ஓட்டுகிற ஒருவருக்கு வந்துவிட்டது. அதாவது, கால்வாயின் இந்தக் கரைக்கு வந்துவிட்டது. இரண்டாவது ஊசியின் நாள் நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்கவில்லை. சட்டப்படி கட்டாயப்படுத்த வழி இருக்கிறது என்றார் புரொபசர். போலீஸ் தொப்பியைக் கண்டால் ஊரே கட்டுமரத்தில் ஏறிக் கடலுக்குப் போய்விடும், அங்கே யார் போய்க் குத்துவது என்றார் தணிகாசலம். இரண்டு பேர் சொன்னதும் நியாயம். எனக்குத்தான் வழி தெரியவில்லை.

பஞ்சாயத்துக் கூடியது. எங்களைப் பேசக் கூப்பிடவில்லை; தள்ளி நின்று கேட்டோம். இனி ஊசி என்று எவனாவது வந்தால் துடுப்பால் பேசுவோம் என்றது ஒரு கட்சி. விறகுப் படகுக்காரர் படுகிற பாட்டை நேரில் பார்த்துவிட்டு வந்த ஒருவர், வேண்டாம் என்று சொல்லவும் முடியாமல் வேண்டும் என்று சொல்லவும் முடியாமல் அழுதார். பெண்கள் பஞ்சாயத்தில் உட்கார மாட்டார்கள், வெளியே நிற்பார்கள். வெளியிலிருந்துதான் பாக்கியத்தின் குரல் வந்தது. ஊசி மேல் குற்றமில்லை, ஊரைக் கேட்காமல் நாள் வைத்ததுதான் குற்றம் என்றாள். வேண்டியவள் வேண்டாதவள் என்று பாராமல் எல்லாரையும் திட்டுகிறவள் சொன்னதால் அந்தப் பேச்சு எடுபட்டது.

நாட்டார் தீர்ப்புச் சொன்னார். குப்பத்தில் சாவு விழுந்தாலும் அம்மன் திருவிழா வந்தாலும் தொழில் கிடையாது. எவனாவது மீறிக் கடலில் இறங்கினால் அவன் பிடித்த மீன் கோயிலுக்கு. அந்த வழக்கத்தையே ஊசிக்கும் வைத்தார். ஊசி போடும் நாளும் மறுநாளும் தொழில் கிடையாது. பெண்கள் முன்கூட்டியே கருவாடு எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். தமுக்கு அடித்து ஊருக்குச் சொன்னார்கள். இரண்டாவது ஊசி போட்ட தினத்தை நான் மறக்கவே மாட்டேன். தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்து, பிள்ளைகளுக்குத் துவைத்த சட்டை போட்டு, திருவிழாவுக்கு வருகிற மாதிரி வந்தார்கள். எந்தக் கை என்று கேட்க வேண்டியே இருக்கவில்லை, அதற்குள் நீட்டிவிட்டார்கள். எனக்குக் கண் கலங்கி ஊசிமுனை தெரியாமல் இரண்டு தடவை நிறுத்தித் துடைத்துக்கொண்டேன். தன் முறை வந்ததும் நாட்டார் என் முன்னால் உட்கார்ந்தார்.

"குத்தறது ஒங்க வேல, நாள் சொல்றது எங்க வேல. அத்த மாத்தினாத்தான் பேஜாரு."

ஒன்றும் வரவில்லை

மகம் வந்தது. கடற்கரை முழுக்கப் புடவைக் கூடாரம், அடுப்புப் புகை, குழந்தைகளின் அழுகை. நாங்கள் முறை வைத்துக்கொண்டு கிணற்றடியிலேயே காவல் இருந்தோம். ஆறு கிண்ணப் பெட்டிக்கு அந்த நாட்களில் ஓய்வே இல்லை. எந்தக் குழந்தை வாந்தி எடுத்தாலும் எனக்கு நெஞ்சு நின்று போகும். ஓடிப்போய்ப் பார்த்தால் அது பலகாரக் கடையில் அளவு தெரியாமல் தின்ற குழந்தையாக இருக்கும். கூட்டம் கலைந்து ஊர் போய்ச் சேர்ந்தது. ஒரு வாரம் போயிற்று, இன்னொரு வாரமும் போயிற்று. விறகுப் படகுக்காரர் பிழைத்து எழுந்துவிட்டார். குப்பத்தில் ஒருவருக்கும் வரவில்லை. மகத்துக்கு வந்த ஊர்களிலிருந்தும் கெட்ட சேதி இல்லை. புரொபசர் மட்டும் எங்களை உட்கார வைத்து எச்சரித்தார். ஊசியால் இருக்கலாம், கிணற்றில் போட்ட பவுடரால் இருக்கலாம், வெறும் அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம், நல்ல மாணவன் பீற்றிக்கொள்ள மாட்டான் என்றார். நான் பீற்றிக்கொள்ளவில்லை. ஆள் இல்லாத இடமாகப் பார்த்து, கடற்கரையில் மூச்சு வாங்க ஓடினேன், அவ்வளவுதான்.

ஊருக்குக் கிளம்பும் நாளில் பாக்கியத்திடம் சொல்லிக்கொள்ளப் போனேன். மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். மனசுக்குள் எனக்கு ஒரு ஆசை. ஒரு வார்த்தை, ஒரே ஒரு நல்ல வார்த்தை சொல்ல மாட்டாளா என்று. பார்த்தாயா, குப்பத்துக்குள் வாந்திபேதி எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்று நானே எடுத்துக் கொடுத்தேன். அவள் அரிவாள்மணையிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அதான் ஒண்ணும் வர்லியே, அப்பறம் இன்னாத்துக்கு ரெண்டு தபா குத்தி தொழில கெடுத்தீங்க? சரி சரி, வர்ற வருசம் எந்த நாளுன்னு முன்னாடியே சொல்லி அனுப்பு, நாட்டாராண்ட சொல்லி வெக்கணும்."

வராத வியாதிக்காகத் திட்டும் அடுத்த வருஷத்துக்கு அழைப்பும் ஒரே மூச்சில் கிடைத்தால், எங்கள் தொழிலில் அதற்குப் பெயர்தான் வெற்றி.